நினைவில் நிற்கும் ஒரு நகைச்சுவைத் தொடர்



பிறரைச் சிரிக்கவைப்பது எளிய கலையன்று என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். ஆயினும், நம்மைச் சிரிக்கவைத்தவர்களை நாம் நெடுநாள் நினைவில் வைத்திருப்பதில்லை. அழவைத்த நாடகாசிரியனுக்கு விழா எடுக்கிறோம். சிரிக்கவைத்தவனுக்கோ, அன்று மாலை சிரித்த சிரிப்போடு கணக்குத் தீர்ந்துவிட்டதாகக் கருதிவிடுகிறோம். அந்த நகைச்சுவை தொலைக்காட்சியில் வாரந்தோறும் வந்து போனதாயின் அதன் ஆயுள் இன்னும் குறைவு. புதிய தொடர் வந்ததும் பழையது மறைந்துவிடுகிறது. மிகச் சிலவே மீண்டும் மீண்டும் காட்டப்பெற்றுப் புகழோடு நிலைக்கின்றன.

அவ்வாறு நிலைத்த புகழ் பெறாமல், ஆனால் பார்த்தவர் நெஞ்சை விட்டு அகலாமல் நிற்கும் ஒரு பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். அதன் பெயர் 'எவர் டிகிரீஸிங் சர்க்கிள்ஸ்'. 'சிறுத்துக்கொண்டே போகும் வட்டங்கள்' என்று அதைத் தமிழில் சொல்லலாம். ஒருவன் ஓயாமல் ஓடியாடி உழைத்தும், சென்று சேரும் இடம் ஏதுமின்றித் தன்னையே சுற்றிக்கொண்டிருந்தால் அவனைப் பற்றி ஆங்கிலேயர் இவ்வாறு கூறுவது வழக்கம். நமக்குச் செக்குமாட்டின் நினைவு வரும். ஆனால் செக்குமாட்டின் வட்டம் என்றும் ஒரே அளவாக இருக்கும். இந்த மனிதனின் வட்டமோ நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டே போகிறது.

முதலில் தொடரின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1984-ஆம் ஆண்டு ஜனவரி 29-ஆம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று, பி.பி.சி.யின் முதல் அலைவரிசையில் இது தொடங்கியது. 1987 வரையில் நான்கு வரிசைகள் வெளிவந்தன. பின்னர் இரண்டாண்டு இடைவெளி விட்டு, 1989-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள், கிறிஸ்துமஸ் திருநாளுக்கு முந்திய இரவில், நீண்டதொரு சிறப்புப் பகுதியோடு முடிவுற்றது. எல்லாம் சேர்த்து 27 பகுதிகள். எழுதியவர்கள் ஜான் எஸ்மண்ட், பாப் லார்பி என்ற இருவர். பள்ளிப் பருவத்திலிருந்தே நண்பர்களான இவர்கள் பல ஆண்டுகள் இணைந்து எழுதிப் பெயர் பெற்றவர்கள்.

நம் நாட்டினருக்குப் பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடர்கள் புதியன அல்ல. அமைச்சரையும் அவரை நயமாக ஆட்டிவைக்கும் செயலாளரையும் காட்டிய 'எஸ் மினிஸ்டர்' 2001-ஆம் ஆண்டில் 'ஜீ மந்த்ரிஜி' என்ற பெயரில் இந்தி உருப்பெற்றது. அதற்கும் முன்னரே, 1993-ஆம் ஆண்டில், அயல்நாட்டார் ஆங்கிலம் கற்கும் வகுப்பைப் பற்றிய 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' என்ற தொடர், இந்தி கற்கும் வகுப்பாக மாறி 'ஜபான் சம்பால்கே' ஆயிற்று. அரசு அலுவலகமும் வகுப்பறையும் எங்கும் உள்ளவை. ஆதலால் அத்தொடர்கள் எளிதாகக் கடல் கடந்தன. நான் சொல்லும் தொடருக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. அதில் ஆள்மாறாட்டம் இல்லை, அடிதடி இல்லை, உருண்டு விழுந்து சிரிக்கவைக்கும் சம்பவங்களும் குறைவு. ஒரு தெரு, மூன்று வீடுகள், ஐந்து மனிதர்கள், அவ்வளவே. ஆனால் அந்த ஐவரின் நெஞ்சுக்குள் நடப்பவை மிகப் பல.

இத்தொடரின் சிறப்பை உணரவேண்டுமாயின், இதே ஆசிரியர்கள் இதற்கு முன் எழுதிய 'தி குட் லைஃப்' என்ற தொடரைச் சற்றே நினைத்துப் பார்க்க வேண்டும். 1975 முதல் 1978 வரை வெளிவந்து, பிரிட்டன் முழுவதும் கொண்டாடப்பட்ட தொடர் அது. லண்டனை ஒட்டிய சர்பிட்டன் என்ற புறநகரில் வாழும் டாம் என்பவன், நாற்பது வயதில் தன் உத்தியோகத்தை உதறிவிட்டு, வீட்டுத் தோட்டத்திலேயே பயிரிட்டு, கோழியும் பன்றியும் வளர்த்து, எவருக்கும் கட்டுப்படாமல் வாழ முற்படுகிறான். அவனுடைய மனைவி பார்பராவும் மனமுவந்து துணை நிற்கிறாள். அடுத்த வீட்டிலோ நாகரிகமும் ஒழுங்கும் உயிரெனக் கருதும் மார்கோவும் அவள் கணவன் ஜெர்ரியும் இருக்கிறார்கள். டாமாக நடித்தவர் ரிச்சர்டு பிரையர்ஸ். பார்பராவாக நடித்த ஃபெலிசிட்டி கெண்டல் இந்தியாவில் வளர்ந்தவர். இங்கே ஊர் ஊராகச் சென்று ஷேக்ஸ்பியர் நாடகங்களை நடத்திய ஜெஃப்ரி கெண்டலின் மகள். 1965-ஆம் ஆண்டின் 'ஷேக்ஸ்பியர் வாலா' திரைப்படத்தில் நடித்தவர். ஜெர்ரியாக நடித்த பால் எடிங்டன்தான் பின்னாளில் 'எஸ் மினிஸ்டர்' தொடரின் அமைச்சராக வந்தவர். அத்தொடரின் கடைசிப் பகுதி 1978-ஆம் ஆண்டில் பதிவானபோது எலிசபெத் அரசியாரே அரங்குக்கு நேரில் வந்து கண்டு களித்தார் என்றால், அதற்கிருந்த செல்வாக்கை நீங்களே அறிந்துகொள்ளலாம்.

'தி குட் லைஃப்' தொடரில் நம் அன்பு யார் பக்கம் இருந்தது? கட்டுகளை அறுத்துக்கொண்டு சுதந்திரமாக வாழ்ந்த டாமின் பக்கம். ஒழுங்கு, முறை, கமிட்டி, கூட்டம் என்று வாழ்ந்த அடுத்த வீட்டு மார்கோ நம் சிரிப்புக்கு ஆளானாள். ஆறாண்டுகள் கழித்து, அதே ஆசிரியர்கள், அதே நடிகரைக் கொண்டு, அதே போன்ற புறநகர்த் தெருவில், இந்தத் தராசை அப்படியே திருப்பிப் பிடித்தார்கள். இம்முறை கதையின் நடுவில் நிற்பவன் ஒழுங்கையும் முறையையும் உயிரெனக் கருதும் மனிதன். சுதந்திரமாக வாழ்பவனோ அடுத்த வீட்டுக்காரன். முன்பு எந்த மனிதனைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னார்களோ, அவனுடைய நெஞ்சுக்குள் புகுந்து பார்க்கும்படி இப்போது நம்மை அழைத்தார்கள். புகழ் பெற்ற ஆசிரியர்கள் முன்னைய வெற்றியையே படியெடுத்துக் காலம் கழிப்பது உலக இயல்பு. இவர்கள் அவ்வாறு செய்யாமல், தங்கள் பழைய கேள்வியைத் தாங்களே மறித்துக் கேட்டார்கள். இதுவே இத்தொடரிடம் எனக்குள்ள மதிப்புக்கு முதற்காரணம்.

இனிக் கதைக்கு வருவோம். சர்ரே மாவட்டத்துப் புறநகர் ஒன்றில், ஒரு முனை அடைபட்ட சிறு தெரு. அத்தெருவாசிகள் அதை 'குளோஸ்' என்றே குறிப்பிடுகிறார்கள். அங்கே வாழ்கிறான் மார்ட்டின் பிரைஸ். வால்வுகள் செய்யும் நிறுவனம் ஒன்றில் அவனுக்கு வேலை. ஆனால் அவன் உயிர் இருப்பது அந்த வேலையில் அன்று. விளையாட்டுக் குழுவா, ஊர்ச் சுற்றுலாவா, விழாவா, எதுவாயினும் அதை ஏற்பாடு செய்பவன் மார்ட்டின். அட்டவணை தயாரிப்பவன், சுற்றறிக்கை அனுப்புபவன், கூட்டக் குறிப்பு எழுதுபவன், எல்லாம் அவனே. எவரும் கேட்டுக்கொண்டு அவன் இவற்றைச் செய்வதில்லை. எவரும் நன்றி சொல்வதுமில்லை. ஆனால் அவன் செய்யாவிட்டால் எதுவும் நடக்காது என்பது மட்டும் உண்மை.

மார்ட்டினுடைய இயல்பைக் காட்ட ஆசிரியர்கள் கையாண்ட ஒரு சிறு செயல், இத்தொடரைப் பார்த்தவர் எவருக்கும் மறக்காது. வெளியிலிருந்து வீட்டுக்குள் வந்ததும் அவன் முதலில் செய்வது, கூடத்தில் இருக்கும் தொலைபேசியின் ஒலிவாங்கியை எடுத்து முறையாகத் திருப்பி வைப்பது. அதன் கம்பி இருக்கவேண்டிய பக்கத்தில் இருக்கவேண்டும். யாரோ அதைத் தவறாக வைத்திருப்பார்கள், அவன் சரிசெய்வான், மறுநாள் அது மீண்டும் தவறாக இருக்கும். முதலில் பார்க்கும்போது இது வெறும் வேடிக்கை. பத்தாவது முறை பார்க்கும்போது, உலகம் தன் கையை மீறிப் போய்விடுமோ என்று அஞ்சும் ஒரு மனிதன், தன்னால் இயன்ற ஒரே ஒரு பொருளையாவது நேராக வைத்துவிட்டு மூச்சு விடுகிறான் என்பது விளங்குகிறது. வாய்ச்சொல் ஏதுமின்றி ஒரு மனிதனின் அச்சம் முழுவதையும் ஒரு கையசைவில் காட்டிவிட்டார்கள்.

இந்த மனிதனின் அடுத்த வீட்டுக்கு ஒருநாள் ஒருவன் குடிவருகிறான். பெயர் பால் ரைமன். சிகை அலங்கார நிலையத்துக்கு உரிமையாளன்; அழகன்; கேம்பிரிட்ஜில் பயின்றவன்; இனிமையாகப் பேசுபவன். எதையும் சிரமப்படாமல் செய்துவிடும் பேறு சிலருக்கு உண்டல்லவா? அத்தகையவன். மார்ட்டின் பல வாரம் உழைத்தும் முடியாத காரியம் ஒன்று இருக்கும். ரைமன் ஒரு புன்னகையோடு, "அங்கே எனக்குத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார்" என்பான், காரியம் முடிந்துவிடும். அங்கே மட்டுமா? எங்கே போனாலும் அவனுக்குத் தெரிந்தவர் ஒருவர் இருப்பார். மார்ட்டின் ஆண்டாண்டாக வியர்வை சிந்திக் கட்டிய சின்னஞ்சிறு அரசில், இவன் விருந்தாளியாக நுழைந்து, தான் கேளாமலே அரசனாகிவிடுகிறான்.

இங்கே ஆசிரியர்கள் எளிய வழியைத் தேர்ந்திருக்கலாம். ரைமனைச் சூழ்ச்சிக்காரனாகவோ, கர்வியாகவோ படைத்திருக்கலாம். அப்போது நாம் மார்ட்டினின் பக்கம் நின்று அவனை வெறுத்திருப்போம். கதையும் நேராக ஓடியிருக்கும். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. ரைமன் நல்லவன். மார்ட்டினை அவன் கேலி செய்கிறான் என்பது உண்மையே. ஆனால் அவனிடம் உள்ளன்பும் கொண்டிருக்கிறான். இடர் வரும்போது ஓடிவந்து உதவுகிறான். அந்த உதவிதான் மார்ட்டினைக் கொல்லாமல் கொல்லுகிறது. பகைவனால் வரும் தோல்வியைத் தாங்கிக்கொள்ளலாம். அன்போடு உதவி செய்பவனால் வரும் தோல்வியை எங்கே சென்று முறையிடுவது? உழைப்பவனுக்கும், உழையாமலே எல்லாம் கைகூடுபவனுக்கும் இடையேயுள்ள இந்த வேறுபாட்டில் நியாயம் ஏதும் இல்லை. அது யாருடைய குற்றமுமில்லை. குற்றவாளி இல்லாத ஒரு துன்பத்தை வைத்துக்கொண்டு சிரிப்பு விளைத்திருக்கிறார்கள் என்பதே இத்தொடரின் தனிச்சிறப்பு.

மார்ட்டினுக்கும் ரைமனுக்கும் நடுவில் நிற்பவள் மார்ட்டினின் மனைவி ஆன். பெனலோப்பி வில்ட்டன் என்ற அருமையான நடிகை ஏற்ற பாத்திரம். ஆன் அறிவுள்ளவள், நகைச்சுவை உணர்வு மிக்கவள். அட்டவணைகளுக்கும் சுற்றறிக்கைகளுக்கும் இடையே தன் வாழ்நாள் கழிந்துகொண்டிருப்பதை அவள் அறிவாள். ரைமனோடு பேசும்போது அவள் முகம் மலர்கிறது. அவன் சொல்லும் சொல்லின் நயம் அவளுக்கு உடனே விளங்குகிறது. அவ்விருவருக்கும் இடையே ஓர் ஈர்ப்பு இருப்பதைப் பார்ப்பவர் அனைவரும் உணர்கிறோம். மார்ட்டின் ஒருவனுக்குத்தான் அது சரியாகத் தெரிவதில்லை. ஆயினும் அவள் எல்லை தாண்டுவதில்லை. ஏன்? கடமையினாலா, பயத்தினாலா? இல்லை என்பதே என் கருத்து. பித்துப் பிடித்தவன்போல் நாற்காலிகளையும் பட்டியல்களையும் கட்டிக்கொண்டு அழும் இந்த மனிதன், தன்னிடம் வைத்திருக்கும் அன்பில் துளியும் கலப்பில்லை என்பது அவளுக்குத் தெரியும். அதை அவனுக்குச் சொல்லத் தெரியாது. அதையும் ஓர் ஏற்பாடாகத்தான் அவனால் செய்யமுடியும். அவளுக்கு அது போதுமா, போதாதா என்பதே இருபத்தேழு பகுதிகளிலும் அடிநாதமாக ஒலிக்கும் கேள்வி. நகைச்சுவைத் தொடர் ஒன்றில் இத்தகைய கேள்வியை எழுப்பி, அதை அவசரப்பட்டு முடித்துவிடாமல் ஆறாண்டுகள் காத்தது எளிய செயலன்று.

இன்னும் இருவரைச் சொல்லாமல் விட்டால் நேயர்கள் என்னை மன்னிக்கமாட்டார்கள். எதிர்வரும் எதற்கும் அஞ்சாத, சூதுவாது அறியாத தம்பதியர் ஹவர்டும் ஹில்டாவும். ஸ்டான்லி லெபோரும் ஜெரால்டின் நியூமனும் இவர்களாக நடித்தார்கள். கணவனும் மனைவியும் எப்போதும் ஒரே மாதிரியான உடை அணிவார்கள். ஒரே நிறம், ஒரே பின்னல் வேலைப்பாடு கொண்ட கம்பளிச் சட்டைகள். ஒருவர் தொடங்கும் வாக்கியத்தை மற்றவர் முடிப்பார். இவர்களைக் கண்டு நகைக்காமல் இருக்கமுடியாது. ஆனால் தெருவில் உள்ள எல்லா வீடுகளிலும் முழு மனநிறைவோடு வாழும் தம்பதியர் இவர்கள்தாம் என்பது சிறிது நேரம் கழித்தே நமக்கு உறைக்கிறது. மார்ட்டினின் உழைப்புக்கு உரிய மதிப்பை அளிப்பவர்களும் இவர்களே. அவன் அழைத்தால் எந்தக் கூட்டத்துக்கும் முதலில் வந்து அமர்பவர்களும் இவர்களே.

தொடரின் தொடக்கத்தில் ஒலிக்கும் இசையையும் குறிப்பிட வேண்டும். ருஷ்ய இசை மேதை ஷோஸ்டகோவிச் 1932, 1933-ஆம் ஆண்டுகளில் பியானோவுக்காக இயற்றிய இருபத்துநான்கு சிற்றிசைகளுள் பதினைந்தாவது அது. சுழன்று சுழன்று ஓடும் நடனமெட்டு. துள்ளலாகத்தான் தொடங்குகிறது, ஆனால் எங்கோ ஒரு சுரம் சற்றே இடறி, இந்தத் துள்ளலை முழுவதும் நம்பிவிடாதே என்று எச்சரிப்பதுபோல் ஒலிக்கிறது. மார்ட்டினின் கதைக்கு இதைவிடப் பொருத்தமான முன்னுரை கிடைத்திருக்காது.

இத்தொடரை நான் முதலில் பார்த்தது 1986-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில். ஒரு பயிற்சியின் பொருட்டு ஓராண்டு இங்கிலாந்தில் தங்கியிருந்தேன். நான் குடியிருந்த வீட்டின் உரிமையாளர் முதிய விதவையொருவர். ஞாயிறு இரவுகளில் அவருடைய முன்னறையில் அமர்ந்து தொலைக்காட்சி பார்க்க என்னை அழைப்பார். அப்போது மூன்றாவது வரிசை நடந்துகொண்டிருந்தது. மார்ட்டின் தன் கோப்பும் கையுமாகத் திரையில் தோன்றியவுடன் நான் சிரிக்கத் தொடங்கிவிடுவேன். ஓர் இரவு அந்த அம்மையார் என்னைப் பார்த்து, "தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் கூட்டம் முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, நாற்காலிகளை அடுக்கிவைக்க இவன் ஒருவன்தான் அங்கே நிற்பான்" என்றார். சொல்லிவிட்டுத் தேநீர் கொண்டுவர எழுந்து போனார். அவருடைய கணவர் அவ்வூர்த் தோட்டக்கலைச் சங்கத்தின் பொருளாளராக இருபது ஆண்டுகள் தொண்டு செய்தவர் என்பது எனக்குப் பின்னர்தான் தெரியவந்தது. அன்று முதல் நான் மார்ட்டினைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு வேறாயிற்று.

இத்துணைச் சிறப்பு வாய்ந்த தொடர் ஏன் பின்னுக்குத் தள்ளப்பட்டது? வெளிவந்த காலத்தில் இதைப் பெருந்திரளானவர்கள் பார்த்தார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் 2004-ஆம் ஆண்டில் பிரிட்டனின் தலைசிறந்த நகைச்சுவைத் தொடர் எதுவென்று பி.பி.சி. மக்களிடம் வாக்குக் கேட்டபோது, 'எஸ் மினிஸ்டர்' ஆறாவது இடத்தையும், 'தி குட் லைஃப்' ஒன்பதாவது இடத்தையும் பெற்றன. இத்தொடரோ முதற்பத்துக்குள் வரவில்லை. மேடையேறிப் பரிசு வாங்கும் இனிய முகம் 'தி குட் லைஃப்' தொடருக்கு இருந்தது. இத்தொடர் அதன் பக்கத்தில், கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கும் மார்ட்டினைப் போல் நின்றுவிட்டது. பார்ப்பவருக்கு இது முழு ஆறுதலைத் தருவதில்லை என்பதும் ஒரு காரணமாகலாம். உணவுக்குப் பின் களைப்பாற அமர்ந்தவருக்கு, தம்மையே கண்ணாடியில் காட்டுவதை எல்லோரும் விரும்புவதில்லை. ஆனால் பிற்காலத்து நகைச்சுவைக் கலைஞர்கள் இதன் அருமையை அறிந்திருந்தார்கள். அலுவலக வாழ்வை வைத்து 'தி ஆஃபீஸ்' என்ற புகழ்பெற்ற தொடரைப் படைத்தவர்களுள் ஒருவரான ரிக்கி ஜெர்வைஸ், இத்தொடரைப் பெரிதும் போற்றியவர்.

நடித்தவர்களின் திறமையை எவ்வளவு சொன்னாலும் தகும். 'தி குட் லைஃப்' தொடரில் நாடு முழுவதும் நேசித்த முகம் ரிச்சர்டு பிரையர்ஸுடையது. அந்த நேசத்தை எல்லாம் பணயமாக வைத்து, எரிச்சலூட்டும் ஒரு மனிதனாக வர அவர் துணிந்தார். புருவத்தின் நெரிப்பில், திடீரென்று உயரும் குரலில், பேச்சின் நடுவே விழும் ஒரு கண நேர மௌனத்தில், மார்ட்டினின் உள்ளே நடுங்கும் சிறுவனைக் காட்டினார். இத்தொடர் நடந்துகொண்டிருந்த அதே 1987-ஆம் ஆண்டில், கென்னத் பிரானா நடத்திய நாடகக் குழுவில், ஷேக்ஸ்பியரின் 'ட்வெல்ஃப்த் நைட்' நாடகத்தின் மால்வோலியோவாக அவர் மேடையேறினார். ஒழுங்கைக் காக்கப் புறப்பட்டு, எல்லோருடைய நகைப்புக்கும் ஆளாகி, நாம் நகைத்ததற்கு நாமே வெட்கும்படி செய்துவிட்டுப் போகும் அந்தக் காரியஸ்தன், மார்ட்டினுக்கு மூதாதை அன்றோ! 1990-ஆம் ஆண்டில் அவர் லியர் மன்னனாகவும் நடித்தார். 2013-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தமது எழுபத்தொன்பதாம் வயதில் காலமானார். எஸ்மண்ட் 2008-ஆம் ஆண்டிலும், லார்பி 2014-ஆம் ஆண்டிலும் மறைந்தார்கள். ஆனாக நடித்த பெனலோப்பி வில்ட்டனையும், ரைமனாக நடித்த பீட்டர் ஈகனையும் நேயர்கள் பலர் 'டவுன்டன் ஆபி' என்ற தொடரில் முதியவர்களாகக் கண்டிருக்கலாம். அவர்களுடைய இளமைக்காலக் கலையைக் காண விரும்புவோர் இத்தொடரைத் தேடிப் பார்ப்பது நலம்.

இறுதிப் பகுதியை நான் பல ஆண்டுகள் கழித்துக் குறுந்தட்டில்தான் பார்த்தேன். மார்ட்டினின் நிறுவனம் இடம் பெயர்கிறது. வேல்ஸ் நாட்டு எல்லையை ஒட்டிய ஆஸ்வெஸ்ட்ரி என்ற ஊருக்கு அவனும் போகவேண்டும். ஆன் தாய்மை அடைந்திருக்கிறாள். தான் கட்டிக் காத்த தெருவை, அதன் சங்கங்களை, அட்டவணைகளை எல்லாம் விட்டுவிட்டு மார்ட்டின் புறப்படுகிறான். நகைச்சுவைத் தொடர்களில் ஒவ்வொரு வாரமும் எல்லாம் தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிடுவது மரபு. இதிலோ வட்டம் இறுதியில் உடைந்து ஒரு வழி திறக்கிறது. ஆன் ரைமனோடு போகவில்லை. தன் கணவனோடு போகிறாள். ஈடு இணையற்ற ரைமனுக்குத் தெருவில் எல்லாம் கிடைத்தன. மார்ட்டினுக்குக் கிடைத்தது மட்டும் கிடைக்கவில்லை.

என்னைப் பற்றிய ஒரு செய்தியையும் சொல்லி முடித்துவிடுகிறேன். தில்லியில் நாங்கள் வசிக்கும் குடியிருப்பின் சங்கத்துக்கு நான் சில ஆண்டுகள் செயலாளராக இருந்தேன். தண்ணீர்க் குழாய் ஒன்றை மாற்றித் தரும்படி இரண்டு ஆண்டுகளாக மனு எழுதிக்கொண்டிருந்தேன். மனுக்களின் நகல்களைத் தேதிவாரியாகக் கோத்து வைத்திருந்தேன். அப்போது எங்கள் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த இளைஞரொருவர், சங்கக் கூட்டத்தில் இதைக் கேட்டுவிட்டு, "அங்கே எனக்குத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார், சார்" என்றார். அங்கேயே நின்று தொலைபேசியில் பேசினார். நான்கே நாட்களில் புதிய குழாய் வந்துவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். அன்றிரவு நான் என் கோப்பைத் திறந்து, காரியம் முடிந்தது என்று குறித்துத் தேதியிட்டுக்கொண்டிருந்தபோது, என் மனைவி கதவருகே நின்று என்னைப் பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை, கேலி செய்யவுமில்லை. அந்தப் பார்வையை நான் முன்பே எங்கோ கண்டிருக்கிறேனே என்று எண்ணினேன். ஞாயிறு இரவுகளில், அந்த அம்மையாரின் முன்னறையில், ஆனின் முகத்தில் கண்ட பார்வை அது. திரையில் பார்த்தபோது அதில் இரக்கம் மட்டுமே இருப்பதாக நினைத்திருந்தேன். அதில் வேறொன்றும் உண்டு என்பதை அன்றுதான் அறிந்தேன்.

அடுத்த மாதக் கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, வழக்கம்போல் நான் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அந்த இளைஞர் படியேறப் போனவர் திரும்பிவந்து, ஒன்றும் பேசாமல், மறுபக்கத்து வரிசையிலிருந்து அடுக்கத் தொடங்கினார். என்னைவிட விரைவாகவே அடுக்கினார். அதற்காக நான் வருந்தவில்லை.